பாதிரியாரின் மார்பளவு

ஊசியைப் பிடித்திருந்த இரண்டு விரல்களும் அசைவதாகவே தெரியவில்லை. நூல் தானாக ஏறி இறங்குவது போலிருந்தது. கல்யாணக் கோட்டின் முன்பக்கத்தில் கடைசிக் காஜா. ஒவ்வொரு குத்துக்கும் நூல் ஒரு சின்ன முடிச்சுப் போட்டுக்கொண்டு முந்தைய முடிச்சின் தோளை ஒட்டி உட்கார்ந்தது. இடக்கைக் கட்டைவிரல் துணியை அழுத்திப் பிடித்திருந்தது. மடிப்பு நீவி நீவித் தட்டையாகிப்போன நகம், இஸ்திரிப் பெட்டியின் அடிப்பாகத்தைப் போலப் பளபளத்தது. கடைக்கு வெளியே சென்ட்ர் டி ஃப்ளாக் சந்தை இரைந்தது. பஸ், கோழி, கீரைக்காரி என்று எல்லாச் சத்தமும் உள்ளே வந்தன. கைகள் எதற்கும் நிற்கவில்லை.

"முஸ்யே மருதை, கதவைச் சாத்தலாமா?"

இப்போது நின்றன. வாசலில் மிரெய் நின்றிருந்தாள். பாதிரியார் வீட்டில் சமைப்பவள். சென்ட் ரோக் கோயிலின் மாதா சபைக்குத் தலைவி. பங்கில் யார் யாருடன் பேசுவதில்லை, யார் பாவசங்கீர்த்தனத்துக்கு வந்து நாளாயிற்று என்பதெல்லாம் பாதிரியாருக்கு முன்பே அவளுக்குத் தெரிந்திருக்கும்.

"கதவைச் சாத்தினா ஊர் பேசும், மதாம் மிரெய்."

"சாத்தாட்டா நான் பேசறது ஊருக்குக் கேக்கும்."

பாதிக் கதவைச் சாத்தினார்கள். விஷயம் இதுதான். ஜனவரி முதல் ஞாயிற்றுக்கிழமையோடு கிளேமான் பாதிரியார் குருப்பட்டம் பெற்று இருபத்தைந்து வருஷம் ஆகிறது. விழாவுக்கென்று பங்கு மக்கள் கொடுத்த பணத்தில் மிரெய் கறுப்புத் துணி வாங்கியிருக்கிறாள். கப்பலில் வந்த துணி. உலக யுத்தம் முடிந்து இத்தனை வருஷமாகியும் அப்படிப்பட்ட துணி தீவுக்கு அபூர்வமாகத்தான் வந்துகொண்டிருந்தது. மறுபடி கேட்டால் கிடைக்காது. அதில் ஓர் அங்கி தைக்க வேண்டும். பாதிரியாருக்குக் கடைசி நிமிஷம் வரை தெரியக்கூடாது.

"அவருக்கு மட்டுமில்லை, யாருக்குமே தெரியக்கூடாது. இந்த ஊர்ல ஒருத்தர் காதுல விழுந்தா பஸ் ஏறி பிளேன் மாக்னியன் வரைக்கும் போயிடும்."

"என் வாய்லேர்ந்து வராது."

"உங்க வீட்டுக்காரி வாய்லேர்ந்து?"

"அவகிட்டயும் சொல்ல மாட்டேன். முருகன் மேல ஆணை."

மெஷினுக்கு மேலே மாட்டியிருந்த முருகன் படத்தை மிரெய் நிமிர்ந்து பார்த்தாள். அவர் நல்லவர்தான், இருந்தாலும் எங்கள் பக்கமும் ஒருவர் சாட்சி இருக்கட்டும் என்று தன் கழுத்திலிருந்த மாதா பதக்கத்தை நீட்டினாள். மருதை அதையும் தொட்டார். இப்படியாக இரண்டு பக்கமும் ஆணையிட்டு வாயைக் கட்டிக்கொண்டார்.

பிறகுதான் மிரெய் அளவுக்கென்று கொண்டுவந்த பழைய அங்கியை விரித்தாள். மருதை அதைத் தோளோடு தூக்கிப் பிடித்தார்.

"இது யாரோடது?"

"அவரோடதுதான். பிரான்ஸ்லேர்ந்து கப்பல்ல வந்து இறங்கினப்போ போட்டிருந்தது."

"இதுல வந்து இறங்கினவர் இப்போ எங்கே?"

மிரெய்க்கு ரோஷம் வந்துவிட்டது. ஞாயிறுக்கு ஞாயிறு ஒரு வீட்டில் விருந்து வைத்தால் மனுஷன் என்ன செய்வார் என்றாள். மற்ற ஆறு நாளும் சமைப்பது யார் என்று மருதை கேட்கவில்லை.

"இப்போ போட்டிருக்கறதைக் கொண்டு வர முடியாதா?"

"அவருக்கு இருக்கறதே அது ஒண்ணு. அதையும் நான் மூணு தரம் பிரிச்சு ஒட்டுப் போட்டிருக்கேன். அதுக்கு அங்கின்னு பேரு, அவ்வளவுதான். கூடாரம்."

"துணியை அளந்து துணி வெட்டினா பழைய துணியோட தப்பெல்லாம் புதுத் துணிக்கும் வந்துடும். நான் ஆளைப் பாக்கணும்."

"அப்போ ஞாயித்துக்கிழமை லமெஸுக்கு வாங்க. பூசை முடியற வரைக்கும் நின்னுகிட்டேதான் இருப்பார்."

ஆளைப் பார்த்து வெட்டுவதுதான் மருதையின் வழக்கம். அப்பா கரும்புத் தோட்டத்தில் வெட்டுக்கத்தி பிடித்தவர். தையலை மருதைக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. தோட்டத்துக் கங்காணி ஒருவர் தூக்கியெறிந்த கோட்டை எடுத்துவந்து, தையல் தையலாகப் பிரித்து, மறுபடி தைத்து, மறுபடி பிரித்து, அந்தக் கோட்டிடமே தொழிலைக் கற்றுக்கொண்டார். ஆள் கடைக்குள் நுழைந்து நாற்காலியில் உட்காருவதற்குள் பாதி அளவு அவருக்குக் கிடைத்துவிடும். அளவு நாடா மீதிக்குத்தான். முப்பத்தேழில் தோட்டக் கலகம் நடந்து சந்தையே மூடிக் கிடந்தபோது, அவர் உள்ளே உட்கார்ந்து ஒரு போலீஸ் சார்ஜெண்டின் கால்சட்டையையும் அந்தச் சார்ஜெண்ட் தேடிக்கொண்டிருந்த ஆளின் கால்சட்டையையும் ஒரே நாளில் தைத்து முடித்தார். இரண்டும் சரியாக இருந்தன. அவர் தைத்தது எதுவும் பிரித்துத் தைக்கச் சொல்லித் திரும்பி வந்ததில்லை.

இதையெல்லாம்விட அவருக்குப் பெருமை வேறொன்றில் இருந்தது. சந்தைக்குப் பின்னால் முருகன் கோயிலில் தைப்பூசக் காவடிக்கு ஏற்றும் கொடியை வருஷா வருஷம் அவர்தான் தைத்தார். விரதமிருந்து, புது ஊசி புது நூல் எடுத்து, சேவலையும் வேலையும் வெட்டி ஒட்டித் தைப்பார். கொடி ஏறும்போது ஊரே அண்ணாந்து பார்க்கும். மருதை மட்டும் தையலைப் பார்ப்பார். எதிர்க்கடைத் தையல்காரன் விநாயகத்துக்கு அந்தக் கொடியின் மேல் நெடுநாள் கண்.

முதல் ஞாயிறு மருதை சென்ட் ரோக் கோயிலில் கடைசி வரிசைக்கும் பின்னால் நின்றார். நின்றவருக்குக் கிடைத்தது முதுகு மட்டும். பாதிரியார் பீடத்தைப் பார்த்து நின்றார். அங்கிக்கு மேல் நீள வெள்ளை உடுப்பு, அதற்கு மேல் ஜரிகை வைத்த கனத்த பூசை உடுப்பு. இத்தனைக்கும் உள்ளேதான் அளவு இருந்தது. ஒரு தடவை ஜனங்கள் பக்கம் திரும்பிக் கைகளை விரித்து லத்தீனில் ஏதோ சொன்னார். மருதை தோளிலிருந்து கண்ணை ஓட்டி முழங்கை வரை வருவதற்குள் மறுபடி திரும்பிவிட்டார். பிரசங்கம் செய்யவாவது முன்பக்கம் தெரிய நிற்பார் என்று பார்த்தால், மரத்தாலான ஒரு கூண்டில் ஏறிக்கொண்டார். கழுத்துக்குக் கீழே எல்லாம் மரம்.

மணி அடித்தது. எல்லோரும் முட்டி போட்டார்கள். முட்டி போட்டால் முன்னால் இருப்பவர்களின் தொப்பிதான் தெரியும் என்பதால் மருதை நின்றுகொண்டே இருந்தார். பாதிரியார் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் உயர்த்தினார். அக்குளில் எவ்வளவு தளர்வு வேண்டும் என்பது அப்போதுதான் பிடிபட்டது.

அடுத்த ஞாயிறு நடுத்தூண் வரை வந்தார். அதற்கடுத்து முன்வரிசைக்குப் பக்கத்துத் தூண். நீளம் கிடைத்தது, தோள் கிடைத்தது, கை கிடைத்தது. மார்பும் இடுப்பும்தான் பிடிகொடுக்கவில்லை. வெளியே பார்க்கலாமென்றால் பாதிரியார் எப்போதும் சைக்கிளில் குனிந்துதான் போவார். குனிந்த மனிதரிடம் மார்பளவு எடுக்க முடியாது.

இதற்குள் ஊர் தன் வேலையைத் தொடங்கிவிட்டது. தையல்கார மருதை கிறிஸ்தவ வேதத்தில் சேரப் போகிறார். மாதா சபைப் பெண்கள் அவருக்காக ஜெபமாலை சொல்ல ஆரம்பித்தார்கள்.

"நீங்களாவது நிறுத்தியிருக்கக் கூடாதா?" என்று மருதை மிரெய்யைக் கேட்டார்.

"எப்படி நிறுத்தறது? தலைவி நான். நான்தான் முதல்ல சொல்லிக் குடுக்கணும்."

வீட்டில் நிலைமை இன்னும் மோசம். அவர்கள் வீட்டில் எல்லோரும் கிரியோல்தான் பேசுவார்கள், தமிழ் கோயிலுக்கென்று இருந்தது. கோபம் வந்தால் மட்டும் மனைவி கோவிந்தம்மா தமிழுக்கு மாறுவாள். அந்த மாதம் முழுக்க வீட்டில் தமிழ் மணந்தது.

"வெள்ளிக்கிழமை கோயிலுக்குக் கூப்பிட்டா இடுப்பு வலி. ஞாயித்துக்கிழமை அங்கே போய்த் தூண் மாதிரி நிக்க மட்டும் இடுப்பு இருக்கா?"

மருதை சாக்குக்கட்டியைத் தேடுவது போல மேஜைக்கு அடியில் குனிந்துகொண்டார்.

முருகன் கோயில் தலைவர் ஐயாசாமியே ஒருநாள் கடைக்கு வந்தார். இரும்புச் சாமான் வியாபாரி. அவர் கடைக்கு ஆணி வாங்கப் போகிறவன் ஊர்ச் சங்கதி மொத்தத்தையும் வாங்கிக்கொண்டு வருவான்.

"மருதை, கொடித் துணி வாங்கியாச்சு. யார்கிட்ட குடுக்கறதுன்னு ஜனவரி முதல் ஞாயித்துக்கிழமை சாயங்காலம் கூட்டத்துல முடிவு பண்றோம்."

"இத்தனை வருஷமும் கூட்டம் போட்டா குடுத்தீங்க?"

"இத்தனை வருஷமும் நீ அங்கே போய் முட்டி போடலை."

"நான் எங்கே முட்டி போட்டேன்? நின்னுகிட்டுதானே இருக்கேன்."

"அதையும் சொன்னாங்க. அவங்களே முட்டி போட்டுட்டாங்களாம், நீ ஒருத்தன்தான் நின்னு கண் கொட்டாம பாத்துகிட்டு இருந்தியாம். அவங்களுக்கே அவ்வளவு பக்தி இல்லையாம்பா."

மருதை நிமிர்ந்தார். மெஷினுக்கு மேலே முருகன் படம் பார்த்துக்கொண்டிருந்தது.

"எதுக்குப் போறே? அதை மட்டும் சொல்லு. நான் கூட்டத்துல பேசிக்கறேன்."

வாயைத் திறந்தார். ஒரு பக்கம் முருகன், ஒரு பக்கம் மாதா. நடுவில் இரும்புக் கடை. மூடிக்கொண்டார். கடைசியில், "பாட்டு நல்லா இருக்கு, அண்ணே," என்றார்.

"பாட்டா? அந்த ஆர்மோனியத்துக்கு மூச்சு முட்டுதுன்னு ரோட்டுல போற நாய்க்குக்கூடத் தெரியும்." ஐயாசாமி எழுந்தார். "விநாயகம் புது ஊசி வாங்கி வச்சிருக்கானாம்."

அன்றிரவு மருதைக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. மிரெய் கொடுத்த கறுப்புத் துணி பரண்மேல் வெட்டாமல் கிடந்தது. திருப்பிக் கொடுத்துவிடலாம், கொடி கைக்கு வந்துவிடும். ஆனால் அளவு எடுக்க முடியவில்லை என்று சொல்லி அவர் இதுவரை எந்தத் துணியையும் திருப்பிக் கொடுத்ததில்லை.

ஜனவரிக்குச் சில நாட்களே இருந்தபோது வந்த ஞாயிறு, அவர் துணிந்துவிட்டார். நற்கருணை வாங்குகிறவர்கள் எழுந்து போய்ப் பீடத்துக்கு முன்னால் இருந்த கிராதியில் வரிசையாக முட்டி போடுவார்கள். பாதிரியார் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு, ஒவ்வொருவர் முன்னாலும் நின்று, முகத்துக்கு நேராக வருவார். அந்த நேரத்தில் அவரை இவ்வளவு கிட்டத்தில் பார்க்க வேறு இடமே கிடையாது. மருதை வரிசையில் போய்ச் சேர்ந்தார். பின்னால் பெஞ்சுகளில் ஒரு சலசலப்பு ஓடியது.

பாதிரியார் பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்து வந்தார். மருதை கண்ணைத் தீட்டி வைத்துக்கொண்டார். நான்கு பேர் தள்ளி, இரண்டு பேர் தள்ளி, இதோ நேரெதிரே. அந்தக் கணத்தில் அவர் உடம்பு அவரைக் கேட்காமல் ஒரு காரியம் செய்தது. பிறந்ததிலிருந்து பூசாரி எதிரே வந்து நின்றால் என்ன செய்யுமோ அதைச் செய்தது. வலக்கை இடக்கை மேல் ஏறிக் குழிந்தது, இரண்டும் நீண்டன, தலை குனிந்தது. தலை குனிந்ததும் மார்பு கண்ணிலிருந்து போய்விட்டது. பாதிரியாரின் செருப்பு மட்டும் தெரிந்தது.

நற்கருணையை நாக்கில்தான் வைப்பார்கள். அந்தக் காலத்தில் யாரும் கை நீட்டியதில்லை. பாதிரியார் அந்தக் குழிந்த கையைப் பார்த்துச் சற்று நின்றார். ஞானஸ்நானம் இல்லாதவனுக்குக் கொடுக்கவும் முடியாது, அப்படி ஏந்திய கையைக் கடந்து போகவும் மனம் வரவில்லை. குனிந்த தலைமேல் தன் கையை வைத்தார். மாதா சபை வரிசையில் இரண்டு பேர் அழுதார்கள். மூன்றாவதாக அழ வேண்டிய மிரெய் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு தோள் குலுங்க உட்கார்ந்திருந்தாள்.

பூசை முடிந்ததும் மருதை முற்றத்தைத் தாண்டி ஓடப் பார்த்தார். பக்கத்துக் கதவு வழியாகப் பாதிரியார் ஓடிவந்தார். பூசை உடுப்பெல்லாம் கழற்றிவிட்டு, வெறும் பழைய அங்கியோடு.

"மருதை. இத்தனை வருஷத்துல அப்படிக் கை ஏந்தின ஒருத்தனை நான் பாத்ததில்லை."

"மொம்பேர், அது வந்து..."

"ஒண்ணும் சொல்லாதே. வாயால சொல்ல முடியாத விஷயம் இது."

"ஆமாம், மொம்பேர். சொல்லவே முடியாது."

பாதிரியாரின் கண் கலங்கிவிட்டது. இரண்டு கைகளையும் விரித்து மருதையை அப்படியே கட்டிக்கொண்டார்.

மருதையின் கைகள் தாமாகச் சுற்றிப் போயின. அங்கே, அந்தப் பெரிய முதுகின் நடுவில், வலக்கை விரல் இடக்கை விரலைத் தேடிப் போய்ச் சேராமல் நின்றது. இடைவெளி ஒரு சாண். மேலே கொஞ்சம், கீழே கொஞ்சம், இடுப்புப் பக்கம் ஒரு தடவை. பாதிரியார் இதை அன்பு என்று எடுத்துக்கொண்டு இன்னும் இறுக்கினார். இறுக்கினால் அளவு குறையுமே என்று மருதை மூச்சை இழுத்துப் பிடித்து அவரைத் தளரவைத்தார்.

பாதிரியார் விட்டார். மருதை கைகளை விடவில்லை. காற்றைக் கட்டிப்பிடித்தபடி, விரல் நுனிகளுக்கு நடுவில் அந்த ஒரு சாணையும் வைத்துக்கொண்டு, சந்தை வழியே வீட்டுக்கு நடந்தார்.

"என்ன தொந்தோன் மருதை, எதைத் தூக்கிட்டுப் போறீங்க?" என்று கோழிக்காரன் ஜான்-க்ளோட் கேட்டான். பேசினால் கை தளரும், பேசவில்லை. ஒரு பஸ் பின்னால் வந்து ஹாரன் அடித்தது, ஒதுங்கினால் முழங்கை ஆடும், ஒதுங்கவில்லை. பஸ்தான் ஒதுங்கியது. எதிர்க்கடை வாசலில் நின்ற விநாயகம் வாயில் வைத்திருந்த ஊசியை எடுத்துவிட்டு, அருள் வந்துவிட்டது என்று ஐயாசாமியிடம் சொல்லக் கிளம்பினான்.

"கோவிந்தம்மா, டேப்பை எடு. கைக்கு உள்பக்கமாச் சுத்து. அந்த இடைவெளியையும் சேத்து. எதுவும் கேக்காதே."

பிடித்த பிடியில் நின்ற கணவனைப் பார்த்துப் பயந்துபோய் அவள் சுற்றினாள். மேல் சுற்று, பிறகு கையைத் தாழ்த்தி இடுப்புச் சுற்று. டேப்பைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். இன்னொரு தரம் பார்த்தாள். பரணில் கிடந்த கறுப்பு மூட்டையையும் பார்த்தாள். மெதுவாகக் கிரியோலுக்குத் திரும்பினாள்.

"இந்தச் சுத்தளவு இந்த ஊர்ல ஒரே ஒரு உடம்புக்குத்தான் இருக்கு."

"நான் எதுவும் சொல்லலை."

"நீங்க எதுவும் சொல்லலை. நானும் எதையும் அளக்கலை." டேப்பைச் சுருட்டியபடி, "பொத்தானுக்குத் துணி போர்த்தணுமா?" என்றாள்.

மருதை வெட்டினார். மாற்றுத் துணி கிடையாது. கத்தரி ஒரு தரம்தான் போகும். விழா விருந்துக்கென்று இடுப்பில் இரண்டு விரல் கூடுதலாக விட்டார். கிறிஸ்து வாழ்ந்த வருஷம் எத்தனையோ அத்தனை பொத்தான் என்று மிரெய் சொல்லியிருந்தாள். அத்தனைக்கும் கோவிந்தம்மா துணி போர்த்தினாள். ஐயாசாமி வீட்டுப் பெண்கள் விசாரிக்க வந்தபோது, "ஞாயித்துக்கிழமை எல்லாம் தெரிஞ்சுடும்," என்று அவள் பெருமையாகச் சொன்னது மட்டும் தப்பாகப்போனது. ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது.

அந்த ஞாயிறு சென்ட் ரோக் கோயில் முற்றத்தில் ஃப்ளாம்பாயான் மரம் சிவப்பாகப் பூத்துக் கிடந்தது. மரத்தடியில், கோயில் படிக்கு அப்பால் செருப்பைக் கழற்றாமல், ஐயாசாமியும் விநாயகமும் முருகன் கோயில்காரர்களும் நின்றார்கள். மாலைக் கூட்டத்துக்குச் சாட்சி வேண்டுமே. உள்ளே ஞானஸ்நானத் தொட்டியின் மூடியைப் பாதிரியார் முந்தின நாளே திறந்து வைத்திருந்தார். பெயர்கூட ரோக் என்று தேர்ந்தெடுத்தாகிவிட்டது.

பூசை முடியும் நேரத்தில் மருதை வெள்ளை வேட்டி சட்டையில் வந்தார். இரண்டு கைகளிலும் வெள்ளைத் துணியில் மூடிய பொதி. பின்னால் பட்டுப்புடவையில் கோவிந்தம்மா. ஞானஸ்நான உடுப்பையும் அவரே தைத்துக்கொண்டு வந்துவிட்டார் என்று பெஞ்சுகள் முணுமுணுத்தன. மிரெய் எழுந்து, மனப்பாடம் பண்ணிவைத்த வாழ்த்துரையைத் தொடங்குவதற்குள் பாதிரியார் படியிறங்கி வந்துவிட்டார்.

"முட்டி போடு, மகனே."

"போட முடியாது, மொம்பேர். மடிப்பு கலைஞ்சுடும். முதல்ல இதைப் பாருங்க."

கோவிந்தம்மா வெள்ளைத் துணியை விலக்கினாள். உள்ளே கறுப்பாக, பொத்தான் பொத்தானாக, அங்கி.

பாதிரியார் அங்கியைப் பார்த்தார், மிரெய்யைப் பார்த்தார், பங்கு மக்கள் எல்லோரும் தரையைப் பார்ப்பதைப் பார்த்தார்.

"அப்போ இத்தனை ஞாயித்துக்கிழமையும்..."

"அளவு எடுத்துகிட்டு இருந்தேன், மொம்பேர்."

"கை ஏந்தினது?"

"அது எங்க கோயில் பழக்கம், தானா வந்துடுச்சு. குனிஞ்சதுல மார்பளவு போயிடுச்சு."

"நான் கட்டிப் பிடிச்சது?"

"அதுலதான் திரும்பக் கிடைச்சது."

 பாதிரியாரின் முகத்தில் ஏதோ ஒன்று இறங்கி அடங்குவதை மருதை பார்த்தார். அங்கியை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தார். பிறகு பாதிரியாரின் வயிறு குலுங்கத் தொடங்கியது. சிரிப்பு. முன்வரிசை சிரித்தது, மாதா சபை சிரித்தது, சுவரோரம் நின்றவர்கள் சிரித்தார்கள். மருதை மட்டும் சிரிக்காமல் அந்த வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். சிரிப்புக்கு இடம் விட்டிருக்கிறோமா என்று மனசுக்குள் கணக்குப் போட்டார். விருந்துக்கென்று விட்ட இரண்டு விரல் இதற்குப் போதும்.

"மருதை," என்று வாசலிலிருந்து ஐயாசாமியின் குரல் வந்தது. செருப்பை எப்போது கழற்றினாரோ, வெறுங்காலோடு படி வரை வந்திருந்தார். "கொடித் துணியை நாளைக்குக் காலையிலேயே கொண்டு வந்துடறேன். கூட்டமெல்லாம் வேண்டாம்."

"குளிச்சிட்டுக் கொண்டு வாங்க, அண்ணே," என்றாள் கோவிந்தம்மா, தமிழில்.

மருதை திரும்பவில்லை. அங்கியின் தோள் மடிப்பைத் தட்டை நகத்தால் கடைசி முறையாக நீவினார். எதிரே பாதிரியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார். பிறகு வலக்கையை இடக்கைமேல் வைத்துக் குழித்து, இரண்டையும் நீட்டி, அந்தப் பெரிய தலையைத் தாழ்த்தினார். மருதை அங்கியை அந்தக் கைகளில் வைத்தார்.